பணிவுள்ள ரேக்

ஒரு ரேக் வாங்க என்ன வேண்டும்? எவ்வளவு கனம் தாங்கும் என்று கேட்க வேண்டும், வாங்கி வந்து நிறுத்த வேண்டும், பெட்டியை அடுக்க வேண்டும். நீங்களும் நானும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோரைக் கவனித்துவந்த ஸ்டோர்க்காரரும் பாவம், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பாதி ஆயுளை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கழித்த மனுஷனுக்கு இது கூடத் தெரியவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது?

ஸ்டோர் இருந்தது ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். சன்னல் கிடையாது. பகலிலும் குழல்விளக்கு எரியும், அதுவும் ஒன்று எரிந்தால் ஒன்று கண்ணைச் சிமிட்டும். அங்கே மர ரேக்குகள் நின்றிருந்தன, அல்லது நிற்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தன. உள்ளே கரையான் தின்று முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் அவற்றில் ஒன்று போதுமென்று உட்கார்ந்துவிட்டது. மேல்தட்டில் இருந்த சலைன் பாட்டில் பெட்டிகள் அத்தனையும் கீழே நின்றிருந்தவன்மேல் இறங்கின.

கீழே நின்றிருந்தவன் ஸ்டோர்க்காரரின் மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. சுமைதூக்கும் வேலை. ஸ்டோர்க்காரர்தான் ஆளைப் பிடித்துச் சொல்லி அவனை அங்கே சேர்த்துவிட்டிருந்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே எலும்பு முறிந்தது. ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் கழுத்தே போயிருக்கும் என்று டாக்டர் சாவகாசமாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே அடிபட்டவனை ஸ்ட்ரெச்சர் வரும்வரை தரையில் கிடத்தி வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று வீட்டில் மனைவி அழவில்லை. அழுதிருந்தால் ஸ்டோர்க்காரருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ரெண்டு பொம்பளப் பிள்ளைங்களை வெச்சிருக்கான். வேலை வாங்கிக் குடுத்தேன் வாங்கிக் குடுத்தேன்னு ஊரெல்லாம் சொன்னீங்கல்ல? அவன் எலும்பு கூடி மறுபடி அங்க போறதுக்குள்ள அந்த ரேக்கை மாத்துங்க. இன்னொரு தடவை அவன் மேல ஏதாவது விழுந்துச்சுன்னா, சத்தியமா நான் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"எழுதிப் போட்டிருக்கேன்" என்றார் ஸ்டோர்க்காரர்.

"எழுதினா எலும்பு கூடிடுமா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் எழுதிப் போட்டதன் பலன், ஒரு குழு பிறந்தது. சேமிப்புச் சட்டகத் தெரிவு உயர்நிலைக் குழு என்று பெயர் வைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெயரைப் படித்து முடிப்பதற்குள் ஒரு ரேக்கை நிறுத்தி முடித்துவிடலாம். குழுவுக்குத் தலைவர் உண்டு. ஓய்வுபெற்று, பதவி நீட்டிப்பு வாங்கி, அதற்கும் நீட்டிப்பு வாங்கி, கடைசியில் அவர் இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்காது என்று அவரே நம்பத் தொடங்கிவிட்ட ஆள். அவருக்கு வலப்பக்கம் எஞ்சினியர், இடப்பக்கம் கணக்கதிகாரி. இவர்கள் மூவர் பேசுவதற்கு. தலையாட்டுவதற்கு வேறு சிலர் இருந்தார்கள்.

ஸ்டோர்க்காரரை முதல் கூட்டத்துக்கு அழைத்து, நாற்காலி தராமல் நிற்க வைத்தார்கள்.

"உங்களுக்கு ரேக் எதுக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"பெட்டி வைக்கங்க ஐயா."

"இப்ப பெட்டி எங்க இருக்கு?"

"பழைய ரேக் விழுந்ததுலேர்ந்து தரையில கிடக்குதுங்க."

"தரை தாங்குதா?"

"தாங்குதுங்க."

"எங்கயாவது உடைஞ்சிருக்கா?"

"தரை எப்படிங்க ஐயா உடையும்?"

தலைவர் குழுவைத் திரும்பிப் பார்த்தார். "கவனிச்சீங்களா? தரை நல்லா வேலை செய்யுது. நம்மகிட்ட இருக்கற வசதியை நாம மதிக்கறதே இல்லை."

கணக்கதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். தரையின் பணி திருப்திகரம்.

"ஆள் ஒருத்தன் மேல பெட்டி விழுந்துச்சுங்க" என்று ஸ்டோர்க்காரர் பொறுமையாகச் சொன்னார். தன் மச்சினன் என்று சொல்லவில்லை. சொன்னால் சொந்தக்காரனுக்காக ஆஸ்பத்திரிப் பணத்தில் ரேக் கேட்கிறான் என்று திருப்பிவிடுவார்கள்.

"அவன் ஏன் அங்க போய் நின்னான்?"

"பெட்டி தூக்கறதுதாங்க அவன் வேலை."

"தூக்கறது வேலை. நிக்கறது வேலையா?" என்றார் தலைவர். எஞ்சினியர் இந்த நுட்பத்தை ரசித்து மேசையை மெல்லத் தட்டினார்.

எப்படியோ, ரேக் வேண்டாம் என்று முடிவெடுத்தால் குழுவுக்கு வேலை இருக்காது என்பதால் ரேக் வேண்டும் என்று முடிவாயிற்று. அடுத்த கூட்டத்துக்கு எஞ்சினியர் ஒரு சி சேனல் துண்டைத் தேநீர்த் தட்டில் வைத்து எடுத்து வந்தார். இரும்புத் தகட்டை மூன்று பக்கம் மடித்து ஒரு பக்கம் திறந்து விட்டிருப்பார்களே, அதுதான். நல்ல சாமான். சுவரோரம் நிறுத்தினால் மலை மாதிரி நிற்கும். ஸ்டோர்க்காரருக்கு அதைப் பார்த்ததும் பாதி நிம்மதி வந்துவிட்டது.

தலைவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஏன் ஒரு பக்கம் திறந்திருக்கு?"

"அதுதான் சார் இதோட வாய்" என்றார் எஞ்சினியர். "அதுக்குள்ள நட்டை விட்டுத் திருப்பினா கப்புனு கடிச்சுக்கும். தட்டைத் தாங்கற கையை அந்த நட்டுல மாட்டலாம். வேணும்னா ஏத்தலாம், வேணும்னா இறக்கலாம்."

"அப்ப நான் ஸ்டோரைப் பாக்க வந்தா, வரிசையா நின்னு என்னைப் பாத்து வாயைப் பொளந்துக்கிட்டு இருக்குமா?"

எஞ்சினியர் படித்த படிப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் அவர் சாமானியப்பட்டவர் அல்ல, சட்டென்று சமாளித்துக்கொண்டார். "வாயைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிடலாம் சார்."

"வாயைச் சுவத்துப் பக்கம் வெச்சா தட்டை எங்கங்க மாட்டறது?" என்று ஸ்டோர்க்காரர் கேட்டுத் தொலைத்தார்.

"சுவத்துப் பக்கம்" என்றார் எஞ்சினியர்.

"அங்க இடம் இருக்காதுங்களே. சேனலும் சுவரும் ஒட்டியில்ல இருக்கும்?"

குழு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சுவரைப் பின்னுக்குத் தள்ளித் தரும்படி கட்டடப் பிரிவுக்கு எழுதியது. நான் ஒன்றும் கற்பனை செய்யவில்லை, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி எழுதினார்கள். கட்டடப் பிரிவும் சளைத்ததல்ல. ஆள்களை அனுப்பிச் சுவரைத் தட்டிப் பார்த்தது, படம் வரைந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் தலைவரின் கார் நிற்கிறது என்று கண்டுபிடித்தது. காரைத் தள்ளி நிறுத்துவது பற்றிப் பேச யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆகவே ஒழுங்கற்ற அமைப்பு என்று சொல்லி சி சேனலைத் தள்ளிவிட்டார்கள். மாதிரிக்கென்று கட்டாக வந்திருந்த சேனல் துண்டுகளைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கும்படி ஸ்டோருக்கே அனுப்பினார்கள்.

இதற்குள் மச்சினனின் எலும்பு பாதி கூடியிருந்தது. கைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, மாமாவின் வாயைக் கிளறிக் கூட்டக் கதை கேட்பதே அவனுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. சுவரைத் தள்ளும் கட்டத்தில் சிரித்துச் சிரித்துத் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"சிரிக்காதடா, வலிக்கும்" என்றாள் அக்கா. பிறகு கணவனைப் பார்த்தாள். "இவனுக்காவது சிரிப்பு வருது. உங்களுக்கு என்ன வருது?"

ஸ்டோர்க்காரருக்கு ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மூன்று கம்பெனிகளின் ரேக்குகள் மாதிரிக்கு வந்தன. ஸ்டோரில் நிறுத்திப் பார்த்தால் அடித்தளத்துக்குப் படியிறங்க வேண்டும், தலைவருக்கு முழங்கால் வலி. அதனால் மேல்மாடியில் கூட்ட அறையில், கம்பளம் விரித்த தரையில், மூன்றையும் நிறுத்தினார்கள். முதலாவது கனமான ரேக். கால்கள் தடித்த இரும்பு, பின்னால் குறுக்குப் பட்டை, அடியில் அகலப் பாதம். இரண்டாவது பரவாயில்லை ரகம். மூன்றாவது ஓட்டை ஓட்டையாகக் குத்திய, எல் வடிவில் மடித்த மெல்லிய ஆங்கிள் இரும்பு. குறுக்குப் பட்டை கிடையாது. கதவைச் சாத்தினாலே கிலுகிலுவென்று சத்தம் போட்டது.

"எடை ஏத்திப் பாக்கலாங்களா? சலைன் பெட்டி கொண்டுவரச் சொல்றேன்" என்றார் ஸ்டோர்க்காரர்.

எல்லாரும் அவரை ஒருமாதிரிப் பார்த்தார்கள். அந்த நிறுவனத்தில் எந்தச் சாமானையும் சோதிப்பதற்கு ஒரு முறை உண்டு. மேசையாக இருந்தாலும் கட்டிலாக இருந்தாலும் பதவி வரிசைப்படி ஒவ்வொருவராகக் கையை வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். அதற்குக் கையாட்டுச் சோதனை என்று பெயர். கீழே இருப்பவர் முதலில் ஆட்டுவார், மேலே இருப்பவர் கடைசியில். தனக்கு மேலே உள்ளவரைவிடப் பலமாக ஆட்டிவிடக் கூடாது, அது மரியாதையல்ல. ஆகவே தலையாட்டிகள் விரலால் தொட்டார்கள். கணக்கதிகாரி உள்ளங்கையை வைத்தார். எஞ்சினியர் தோள் அசையாமல் மணிக்கட்டை மட்டும் அசைத்தார்.

கடைசியாகத் தலைவர் எழுந்து வந்து கனமான ரேக்கைப் பிடித்து ஆட்டினார்.

அது அசையவில்லை.

இன்னொரு கையையும் வைத்து ஆட்டினார். ரேக் அப்படியே நின்றது, தலைவர்தான் ஆடினார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

கனமான ரேக் கம்பெனிக்காரர் புளகாங்கிதம் அடைந்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "யானை வந்து சாஞ்சாலும் அசையாது சார்."

"நான் யானை இல்லை" என்றார் தலைவர்.

"அப்படிச் சொல்லலை சார்..."

"நான் இந்த நிறுவனத்தோட மூத்த அதிகாரி. என் கை பட்டும் ஒரு பொருள் கண்டுக்காம நிக்குதுன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

என்ன அர்த்தம் என்று கம்பெனிக்காரருக்குத் தெரியவில்லை. பாவம், அவர் நல்ல ரேக் செய்பவர். அதோடு அவர் கதை முடிந்தது.

இரண்டாவது ரேக் கொஞ்சம்போல அசைந்தது. தலைவர் உம் என்றார். மூன்றாவதன்மேல் அவர் விரல் நுனிதான் பட்டது. அது உச்சியிலிருந்து பாதம்வரை வெலவெலத்தது. தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. கையை எடுத்த பிறகும் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. தலைவரின் முகம் மலர்ந்ததை ஸ்டோர்க்காரர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"இது சொன்னா கேக்கும்" என்றார் தலைவர்.

அவ்வளவுதான். அதன்பிறகு யார் முந்திப் பேசுவது என்பதில்தான் போட்டி. எஞ்சினியர் எழுந்து, விறைப்பாக நிற்பது பழைய சித்தாந்தம் என்றும், உலகமெல்லாம் இப்போது நெகிழ்வு என்ற திசையில் போகிறது என்றும், ஆடுகிற பொருளுக்குள் பாரம் தங்காமல் ஆட்டத்தோடு ஆட்டமாக வெளியேறிவிடும் என்றும் விளக்கினார். வெளியேறும் பாரம் எங்கே போகும் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கணக்கதிகாரி, ஊழியர்களிடம் எதிர்பார்க்கும் பணிவைத் தளவாடங்களிடமும் எதிர்பார்ப்பதில் தவறில்லை என்றார்.

ஸ்டோர்க்காரர் ஓரடி முன்னால் வந்தார். "ஐயா, பெட்டி ஏத்தினா அது சாஞ்சிடும். அதுக்குக் கீழ ஆளுங்க நடக்கணும்."

"தாராளமா நடக்கட்டும். நடக்கறப்ப அதைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க."

"தொடாம எப்படிங்க பெட்டியை எடுக்கறது?"

"பணிவா எடுக்கணும்" என்றார் தலைவர். "இவரு எல்லாத்துக்கும் ஒரு ஆட்சேபம் வெச்சிருக்காரு. ஸ்டோர்க்காரரும் ஒப்புக்கொண்டார்னு எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள்.

ரேக்குகள் வந்திறங்கின. கூடவே ஒரு சாக்கு நிறைய ஆங்கர் போல்ட்டும் வந்தது. தரையில் துளை போட்டு ரேக்கின் பாதத்தைத் தரையோடு சேர்த்து முடுக்குவதற்கான போல்ட் அது. மூன்றாந்தர ரேக் கம்பெனிக்காரனுக்கே தன் சரக்கின் லட்சணம் தெரிந்திருக்கிறது, அதனால்தான் கேட்காமலே கொடுத்தனுப்பியிருக்கிறான். ஸ்டோர்க்காரர் சந்தோஷமாக முடுக்க அனுமதி கேட்டார். எஞ்சினியரிடமிருந்து பதில் வந்தது. முடுக்கினால் ரேக் ஆடாது, குழு தெரிவுசெய்தது ஆடும் ரேக்கை, ஆடாத ரேக் குழு தெரிவுசெய்த ரேக் ஆகாது, எனவே முடுக்குவது குழுவின் முடிவை மாற்றுவதாகும். படித்துவிட்டு ஸ்டோர்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மச்சினனும் கைத்தொட்டிலை அவிழ்த்துப் போட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டான். அவனை வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லி ஸ்டோர்க்காரர் கணக்கதிகாரியிடம் போய்க் கெஞ்சினார்.

"முடியாது. ரேக் விழுந்த அனுபவம் உள்ள ஆளு அவன் ஒருத்தன்தான்" என்றார் கணக்கதிகாரி. கிண்டல் செய்யவில்லை, மனப்பூர்வமாகத்தான் சொன்னார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பெட்டிகளை ஏற்றினார்கள். மச்சினன் மேல்தட்டிலிருந்து ஒரு சலைன் பெட்டியை உருவினான். ரேக் அவன் பக்கமாக நிதானமாகக் குனிந்து, யோசித்து, நிமிர்ந்தது.

"மாமா, இது எனக்கு வணக்கம் வைக்குது" என்றான் மச்சினன். "நானும் பதிலுக்கு வைக்கறதா, இல்ல ஓடறதா?"

அவன் சிரித்தான். ஆனால் அவன் கை தன்னையறியாமல் பழைய முறிவைத் தடவியதை ஸ்டோர்க்காரர் பார்த்துவிட்டார். அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"விடுமுறையன்னிக்கு வா மாப்ளே. நம்ம ரெண்டு பேரும் முடுக்கிடுவோம்."

"கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேட்டாப் பாத்துக்கலாம். நீ வா."

விடுமுறை நாளில் பெட்டிகளையெல்லாம் இறக்கினார்கள். தெரிந்த எலக்ட்ரீசியனிடம் டிரில் மெஷின் வாங்கி வந்து தரையைத் துளைத்தார்கள். ஒவ்வொரு பாதத்திலும் போல்ட்டை இறக்கி, ஸ்பேனரால் மூச்சுப் பிடித்து முடுக்கினார்கள். ஒழுங்கீனம் என்று ஒதுக்கிய சி சேனல் துண்டுகளைச் சுவரில் பதித்து, அவற்றின் வாயிலேயே நட்டைக் கடிக்க விட்டு, ரேக்கின் தலையைச் சுவரோடு கட்டினார்கள். ஒவ்வொரு ரேக்குக்கும் பின்னால் குறுக்குப் பட்டை அடித்தார்கள். மச்சினன் கடைசி ரேக்கைப் பிடித்துத் தொங்கி, காலை ஆட்டிப் பார்த்தான். அது ஏனென்று கேட்கவில்லை. தூசியும் வியர்வையுமாக இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். ஸ்டோர்க்காரருக்கு அன்று இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்று கூட இருந்திருக்காது. பெட்டிகளை மறுபடி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அப்படியே போயிருந்தால் கதையே இல்லை. தாம் தெரிவுசெய்த ரேக்கைத் தாமே நேரில் ஆட்டிப் பார்க்கும் ஆசை தலைவருக்கு வந்துவிட்டது. முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல், இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, குழு புடைசூழப் படியிறங்கி வந்தார். ரேக்குகளுக்கு நடுவே இருந்த சந்தில் நின்று ஒரு சின்ன உரையே ஆற்றினார்.

"ஒரு நிறுவனம் எதனால நிக்குது தெரியுமா? கீழ இருக்கறது மேல இருக்கறதுக்கு அசைஞ்சு குடுக்கறதால. நான் இத்தனை வருஷமா யாரையும் திட்டினதில்லை. தொடுவேன், அவ்வளவுதான். புரிஞ்சுக்குவாங்க. இந்த ரேக்குக்கும் அந்த நல்ல குணம் இருக்கு. பாருங்க."

விரல் நுனியால் தொட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. உள்ளங்கையை வைத்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். மேலே சலைன் பாட்டில்கள் சிறு சத்தம்கூடப் போடவில்லை. எஞ்சினியர் குனிந்து பாதத்தைப் பார்த்தார், போல்ட் தலைகள் பளபளவென்று தெரிந்தன.

"யாரு இதைக் கெடுத்தது?" என்றார் தலைவர்.

"நான்தாங்க ஐயா" என்றார் ஸ்டோர்க்காரர். மச்சினன் வாயைத் திறக்கப் போனான், அவர் ஒரு பார்வையில் அடக்கினார்.

"கழட்டு. இப்பவே கழட்டு. என் கண் முன்னால கழட்டு."

ஸ்டோர்க்காரர் மறுக்கவில்லை. பயத்தால் இல்லை. அத்தனை மாதமாக உள்ளே அடக்கி வைத்த கோபம். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தலைவரின் காலடியில் மண்டியிட்டார்.

"கழட்டறேங்க. நீங்க ரேக்கு மேல வெச்ச கையை எடுக்காதீங்க. ஆடுதா இல்லையான்னு உங்க கைக்குத்தானே தெரியணும். எஞ்சினியர் சார், நீங்க அந்தப் பக்கம் வந்து நில்லுங்க. மாப்ளே, நீ மட்டும் வெளிய போ."

பாதத்தின் முதல் போல்ட் கிறீச்சிட்டுக்கொண்டு தளர்ந்தது. எஞ்சினியர் மேலே பார்த்தார். தலைக்கு நேர் மேலே சலைன் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. நெகிழ்வுக் கொள்கையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே கதவுப் பக்கம் நகர்ந்தார். கணக்கதிகாரிக்குப் போன் வந்துவிட்டது, மணி அடித்த சத்தம்தான் யாருக்கும் கேட்கவில்லை. தலையாட்டிகள் எப்போது மறைந்தார்கள் என்றே தெரியவில்லை. இரண்டாவது போல்ட்டும் தளர்ந்தது. ரேக் அசையவே இல்லை, சுவரிலிருந்த சேனல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் தலைவரின் கை தானாக அதை விட்டுவிட்டது.

"இரு" என்றார் தலைவர். "இன்னிக்கு வேண்டாம்."

"ஏங்க ஐயா? இன்னும் கொஞ்சம்தான். சேனலையும் கழட்டிட்டா நீங்க கேட்ட மாதிரி ஆடும்."

"எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு."

"வெளிய நிக்கறவனுக்குக் கழுத்து இருக்குங்க" என்றார் ஸ்டோர்க்காரர். தரையிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார். "அவன் தினமும் இதுக்குக் கீழதான் நிக்கறான்."

"அவன் வர்றது வேலைக்கு. நான் வந்தது ஆய்வுக்கு. ரெண்டும் ஒன்னா?"

ஸ்டோர்க்காரர், தளர்த்திய இரண்டு போல்ட்டையும் தலைவரின் கண்ணெதிரிலேயே திரும்ப முடுக்கினார். தலைவர் அந்தச் சந்திலிருந்து வெளியேற வழி தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். கையைப் பிடித்து அழைத்துவந்தவர்கள் ஓடிவிட்டிருந்தார்கள். கடைசியில் மச்சினன்தான் உள்ளே வந்து கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டான்.

ஸ்டோர்க்காரர் சும்மா தப்புவாரா? பணிவின்மைக்காக அவரை ஸ்டோரிலிருந்து தூக்கி வாசல் கேட்டில் போட்டார்கள். வண்டிக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலை. சம்பளமும் குறைந்தது. போல்ட்டுகளைக் கழற்றும்படி ஓர் ஆணையும் பிறந்தது. ஆனால் அந்த ஆணையை எழுதியவர்கள் வழக்கம்போல ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். உயரதிகாரி ஒருவர் அவ்விடத்தில் நின்று மேற்பார்வை செய்ய வேண்டும் என்று. அவ்விடம் என்றால் ரேக்குக்குக் கீழே. தேதி குறித்த நாளெல்லாம் எஞ்சினியருக்குக் காய்ச்சல் வந்தது. கணக்கதிகாரி வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போயிற்று. போல்ட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

வெயிலிலும் மழையிலும் கேட்டில் நின்று ஸ்டோர்க்காரர் கறுத்துப் போனார். ஒரு நாள் தலைவர் அவரைத் தம் அறைக்கு வரச் சொன்னார். இந்தத் தடவை நாற்காலி கொடுத்தார்.

"நீ வயசானவன். உன்னை வெயில்ல நிறுத்தறதுல எனக்கு என்ன சந்தோஷம்? ஒரு மன்னிப்பு கேட்டுடு. மாட்டினவன் நீ, அதனால நீயே கழட்டிட்டா மேற்பார்வை தேவையில்லை. நாளைக்கே உன் ஸ்டோருக்குத் திரும்பிடலாம். குறைச்ச சம்பளமும் சேர்த்து வரும்."

ஸ்டோர்க்காரர் நிஜமாகவே யோசித்தார். வீட்டு வாடகையை யோசித்தார். "மன்னிப்பு எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கறேங்க. போல்ட்டை மட்டும் விட்டுடுங்க."

"ஒரு சுமைதூக்கிக்காகவா இவ்வளவு பிடிவாதம்?"

"அவன் என் பொண்டாட்டி தம்பிங்க."

தலைவர் ஆச்சரியப்பட்டார். வெகுநாள் புரியாதிருந்த ஒன்று புரிந்துவிட்டவர்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? அவனை வேற இடத்துக்கு மாத்திடறேன். அந்த இடத்துக்கு வேற எவனையாவது போட்டுக்கலாம். இப்ப கழட்டுவேல்ல?"

ஸ்டோர்க்காரர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் இதைத்தானே கேட்டுக் கெஞ்சினோம் என்று நினைத்தார். மச்சினன் தப்பித்துவிடுவான், மனைவி நிம்மதியாகத் தூங்குவாள், தானும் நிழலுக்குத் திரும்பிவிடலாம். பிறகு பெயர் தெரியாத அந்த வேறு எவனையோ நினைத்தார். அவனுக்கும் எங்கோ ஓர் அக்கா இருப்பாள்.

"மாட்டேங்க" என்று எழுந்தார்.

"ஏன்? அவன் உனக்கு யாரு?"

"தெரியாதுங்க. இன்னும் அவனை நீங்க வேலைக்கே எடுக்கலையே" என்று சொல்லிவிட்டு ஸ்டோர்க்காரர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.